வெண்கலப் புலியும் கற்சிங்கமும்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஆதிச்சநல்லூர்ச் சேகரத்தில் சிறிய வெண்கல விலங்குகள் சில இருக்கின்றன. அவற்றுள் புலியும் உண்டு. தனியே நிறுத்தி அழகு பார்க்கச் செய்த பொம்மைகள் அல்ல இவை. கிண்ணங்களின் மூடிகளுக்கும் தாங்கிகளுக்கும் அணியாக வார்க்கப்பட்டு, இறந்தவரோடு மண்ணுக்குள் வைக்கப்பட்டவை. தமிழகத்தில் காட்டு விலங்கை உலோகத்தில் வடித்த கைகளுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் இவையும் அடங்கும்.

ஆதிச்சநல்லூர் தாமிரபரணியின் தென்கரையில் உள்ள பரந்த இடுகாட்டு மேடு. 1876இல் ஜெர்மானியர் யாகோர் அங்கே தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். 1899 முதல் 1905 வரை அலெக்ஸாண்டர் ரீ முறையாக அகழ்ந்து எடுத்தவையே எழும்பூருக்கு வந்தன. ஒரு நூற்றாண்டு கழித்து, 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தபோது கிடைத்த மாதிரிகளில் இரண்டு, கி.மு. 905, கி.மு. 696 என்று காலம் கணிக்கப்பட்டன. ரீ தம் வெண்கல உருவங்களை வகைப்படுத்தியபோது எருமை, ஆடு, சேவல் ஆகியவற்றை வீட்டு உயிர்கள் என்றும், புலி, இரலை மான், யானை ஆகியவற்றைக் காட்டு உயிர்கள் என்றும் பிரித்தார். பறக்கும் பறவைகளும் அவரது பட்டியலில் உண்டு. சிங்கம் இல்லை.

சிங்கம் இல்லாததற்குக் காரணம் எளியது. இந்தியாவில் சிங்கம் வடமேற்கிலும் நடுப்பகுதியிலும் வாழ்ந்த விலங்கு. நருமதைக்குத் தெற்கே அது காட்டில் திரிந்ததற்கு உறுதியான சான்று கிடையாது. தாமிரபரணிக் கரையில் மெழுகைப் பிசைந்து விலங்கு செய்தவர், தாம் கண்ட விலங்கையே செய்தார். ஆனால், அதே தமிழகத்தின் வடகோடிக் கடற்கரையில், கி.பி. ஏழாம் நூற்றாண்டிலிருந்து, தூணுக்குத் தூண் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. கண்ட விலங்கைச் செய்வதற்கும் காணாத விலங்கைச் செய்வதற்கும் உள்ள வேறுபாடு தமிழகச் சிற்ப வரலாற்றில் நீளமான ஒரு கோடு. அந்தக் கோடு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் செங்கல்பட்டும் மாமல்லபுரமும்.

வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. வெள்ளீயம் தமிழகத்தில் அரிது. தொலைவிலிருந்து வரவேண்டிய பொருள். ஆதிச்சநல்லூர்க் கலங்கள் சிலவற்றில் வெள்ளீயம் மிகுதியாகச் சேர்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படிப்பட்ட வெண்கலம் பொன்னிறமாய் மின்னும், தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஆனால் பக்குவம் தப்பினால் நொறுங்கிவிடும். செந்நிறமாய்க் காய்ந்திருக்கும்போதே தட்டி உருவாக்கி, பிறகு நீரில் அமிழ்த்திக் குளிரவைக்க வேண்டும். இதை அறிந்தவர்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு அணித்தான காலத்தில் இங்கே இருந்தார்கள் என்பது சாதாரணச் செய்தி அல்ல.

விலங்கு உருவங்களுக்கு ஏற்றது மெழுகு வார்ப்பு. பிற்காலச் சுவாமிமலை ஸ்தபதிகளின் பட்டறையில் அம்முறை இன்றும் கண்ணால் காணக்கூடியது. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, விரலுக்கு இணங்கும் பதத்தில் உருவம் பிடிக்கிறார்கள். அதன்மேல் ஆற்று வண்டலை மெல்லிய குழம்பாகப் பூசி, காய்ந்தபின் பருமண் அப்பி, கம்பி கட்டுகிறார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்கூட்டை உடைக்கிறார்கள். ஓர் அச்சிலிருந்து ஓர் உருவம்தான். இரண்டாவது வேண்டுமானால் மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். மெழுகு நெகிழ்வானது என்பதால் வளைந்த வால், முறுக்கிய கொம்பு, மெலிந்த கால் எல்லாம் அதில் கைகூடும். கருங்கல்லில் இவற்றைச் செய்ய முயன்றால் உளி பட்ட அதிர்ச்சியிலேயே உடைந்துவிடும்.

செங்கல்பட்டு வட்டாரமும் ஆதிச்சநல்லூரைப் போலவே இரும்புக்கால இடுகாடுகள் நிறைந்தது. மதுராந்தகத்தை அடுத்த சாணூரில் 1950களின் தொடக்கத்தில் தொல்லியல் துறை அகழ்ந்தது. குன்னத்தூர், அமிர்தமங்கலம் எனப் பிற இடங்களும் அதே பத்தாண்டில் தோண்டிப் பார்க்கப்பட்டன. கல்வட்டங்களுக்குள் தாழிகளும், வரிசையாய்க் கால் ஊன்றிய சுடுமண் ஈமப்பேழைகளும், இரும்புக் கருவிகளும் இங்கே கிடைக்கின்றன. பல கால்களில் நிற்கும் அந்தப் பேழையே பார்வைக்கு ஏதோ ஒரு விலங்கு போலத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வட்டாரம் காட்டு விலங்குகளுக்குப் பெயர்பெற்றது மண்ணாலோ வெண்கலத்தாலோ அல்ல, கல்லால்.

முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய எதுவுமின்றி அது அமைக்கப்பட்டதைப் பெருமையோடு சொல்கிறது. விலக்கப்பட்ட பொருள்களின் வரிசையில் உலோகமும் இடம்பெறுவது கவனத்துக்குரியது. பழைய கைவினைகளின் துணை இல்லாமலே கோயில் நிற்கும் என்பதுதான் அந்தப் பெருமை. செங்கல்பட்டுக்கு அருகே வல்லத்தில் உள்ள குடைவரையும் மகேந்திரன் காலத்ததே. அக்காலத் தூண்கள் சதுரமும் எண்பட்டையுமாக வெறுமையாக நிற்கின்றன. விலங்கு எதுவும் அவற்றைத் தாங்கவில்லை.

அவன் மகன் முதலாம் நரசிம்மவர்மன், மாமல்லன் என்ற பட்டப்பெயர் கொண்டவன். அவன் பெயரால் வழங்கும் கடற்கரை ஊரில் அர்ச்சுனன் தபசு என்று மக்கள் அழைக்கும் புடைப்புச் சிற்பம் ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. தவம் செய்பவன் அர்ச்சுனனா பகீரதனா என்ற விவாதம் நூறாண்டுக்கும் மேலாக நடக்கிறது. விலங்குகளைப் பொறுத்தவரை இரண்டில் எதுவானாலும் வேறுபாடில்லை. நடுவே பாறையின் இயற்கைப் பிளவு; அதில் நாகர்கள். பிளவை நோக்கி இருபுறமிருந்தும் தேவரும் முனிவரும் வேடரும் விலங்குகளும் வருகின்றனர்.

வலப்புறம் கீழே யானைக் கூட்டம். முன்னால் பெருந்தந்தக் களிறு, அதன் பின்னால் பிடி, கால்களுக்கு இடையிலும் வயிற்றுக்கு அடியிலும் கன்றுகள். இயற்கை அளவை எட்டும் இந்த யானைகளில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. நெற்றியின் இரு மேடுகள், கன்னத்தின் குழி, தளர்ந்து தொங்கும் துதிக்கை, ஒவ்வொன்றும் யானையின் அருகில் நின்று பார்த்தவரின் கண்ணுக்கே தெரிபவை. எல்லாவற்றிலும் நுட்பமானது கன்றுகள் நிற்கும் இடம். யானைக்கூட்டம் நகரும்போது குட்டிகளைப் பெரியவற்றின் உடலுக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் நகரும். பல்லவப் படையில் யானைகள் இருந்தன. பழக்கிய யானையைச் சிற்பி நாளும் கண்டிருக்கலாம். கன்றுகளைக் காக்கும் கூட்டத்தின் ஒழுங்கை அவர் அறிந்திருந்தார் என்பதை இந்தப் பாறை சொல்கிறது.

களிற்றின் தந்தத்துக்கு அருகே, பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் புரியும் பூனை. சுற்றிலும் எலிகள். பாறையின் மறுபக்கத்தில் எலும்பும் நரம்புமாக நிற்கும் மனிதத் தவசியின் கோலத்தையே பூனையும் ஏற்றிருக்கிறது. பார்க்க வருபவர்கள் முதலில் விரல் நீட்டிக் காட்டுவது இதைத்தான். ஆனால் சிற்பியின் கவனிப்பு அதைவிட ஆழமாக வெளிப்படுவது மான்களில். பின்னங்காலைத் தூக்கி, குளம்பால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மான் ஒன்று இங்கே உண்டு. எந்தப் புராணமும் அந்தச் சொறிதலைக் கேட்கவில்லை. எந்த இலக்கணமும் அதை வகுக்கவில்லை. அச்சமின்றி ஓய்ந்திருக்கும் மானே அப்படிச் செய்யும். ஆச்சிரமத்தில் பகை இல்லை என்பதைச் சொல்ல, சிற்பி ஒரு மானின் அன்றாடப் பழக்கத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்.

இதற்கு இணையானது தனிக்கல்லில் செதுக்கிய குரங்குக் குடும்பம். தாய் குட்டிக்குப் பால் கொடுக்கிறாள். பின்னால் அமர்ந்த ஆண்குரங்கு அவள் தலையில் பேன் பார்க்கிறது. முழு உருவமாக, எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்க்கும்படி செய்த இந்தச் சிற்பத்தில் தெய்வமோ அரசனோ எவரும் இல்லை. ஆதிச்சநல்லூர் மூடியின் மேல் நின்ற வெண்கல விலங்குக்கு மிக நெருங்கிய உறவு இதுதான். இரண்டிலும் விலங்கு விலங்காகவே இருக்கிறது. எதையும் சுமக்கவில்லை, யாருக்கும் ஊர்தியாகவில்லை.

ஐந்து இரதங்கள் உள்ள இடத்தில் நிற்கும் ஒற்றைக்கல் யானை வேறொரு செய்தியைத் தருகிறது. அதன் பக்கத்தில் இருப்பது நகுல சகதேவ இரதம் என்று வழங்கும் கோயில். அதன் பின்புறம் அரைவட்டமாக வளைந்திருக்கும். உறங்கும் யானையின் முதுகை ஒத்த இந்த அமைப்பைத் தமிழில் தூங்கானை மாடம் என்பர். கட்டடத்தின் பெயரில் உள்ள விலங்கைக் கட்டடத்தின் அருகிலேயே, அதே திசை நோக்கி நிறுத்திவைத்தவர் பெயரும் பொருளும் ஒன்றாகத் தெரியவேண்டும் என்று நினைத்திருக்கிறார். யானையின் பின்புறத்தையும் கோயிலின் பின்புறத்தையும் ஒரே பார்வையில் கண்டவருக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

அதே வளாகத்தில், திரௌபதி இரதத்தின் முன், சிங்கம் ஒன்று நிற்கிறது. யானையிலிருந்து சிங்கத்துக்குத் திரும்பியதும் கை மாறிவிட்டது போலத் தோன்றும். கை மாறவில்லை; மாறியது கண் முன் இருந்த மாதிரி. யானைக்குக் காடும் கொட்டடியும் மாதிரி. சிங்கத்துக்கு மாதிரி வேறொரு சிங்கச் சிற்பம். பிடரி மயிர் தனித்தனிச் சுருளாக வரிசைகட்டி நிற்கிறது, கண்கள் பிதுங்குகின்றன, வாய் ஒரே அளவாகத் திறந்திருக்கிறது. மாமல்லன் காலத் தூண்களின் அடியில் உட்கார்ந்திருக்கும் சிங்கங்களும் இவ்வாறே. மகிடாசுரமர்த்தினி மண்டபத்தின் தூண்களிலும் வீம இரதத்திலும் அவற்றைக் காணலாம். உடல் நிமிர்ந்து, முன்னங்கால்களை ஊன்றி, தலைமேல் தூணைத் தாங்குகின்றன. தூணுக்கு அது தேவை என்பதால் சிங்கம் அப்படி அமர்ந்தது.

இதைக் குறையாகச் சொல்வது பொருந்தாது. பல்லவருக்குச் சிங்கம் விலங்கல்ல, பெயர். சிம்மவர்மன், சிம்மவிஷ்ணு, நரசிம்மவர்மன், இராசசிம்மன் என்று குலம் முழுதும் அந்தச் சொல் ஓடுகிறது. செப்பேட்டு முத்திரையில் காளை இருந்தபோதும், பெயரில் சிங்கமே இருந்தது. இரண்டாம் நரசிம்மவர்மனான இராசசிம்மன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 700 முதல் 728 வரை, தூண்சிங்கம் உட்கார்ந்த நிலையை விட்டுப் பின்னங்கால்களில் எழுந்து நின்றது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சுற்றெல்லாம் அவைதான். செங்கல்பட்டுக்கு வடக்கே சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரும், அங்குள்ள குடைவரைக் கோயிலில் குடிகொண்ட நரசிம்மரும், சிங்கம் இந்த மண்ணில் எப்படி வேரூன்றியது என்பதைக் காட்டுகின்றன. சிங்கம் வாழாத நாட்டில் சிங்கத்தின் பெயரால் ஓர் ஊர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கி வருகிறது.

சங்கப் பாடல்கள் யானையைக் கொல்லும் ஆளி என்ற விலங்கைப் பேசுகின்றன. கோயில்களில் சிங்க உடலும் யானைத் துதிக்கையுமாக நிற்கும் யாளி பின்னால் அதனோடு இணைந்தது. காணாத விலங்கைச் செய்யத் தொடங்கியபின் சிங்கத்துக்கும் யாளிக்கும் இடையிலான வரம்பு மெலிந்துவிட்டது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் உள்ள குடைவரை இதற்கு நல்ல சான்று. நடுவே உள்ள மாடத்தைச் சுற்றி யாளித் தலைகள் வளையமாகச் சூழ்ந்திருக்கின்றன. பக்கத்தில் அம்பாரியோடு கூடிய இரண்டு யானைத் தலைகள். மக்கள் அதற்கு இட்ட பெயர் புலிக்குகை. அங்கே புலி ஒன்றும் இல்லை. தங்களுக்குத் தெரிந்த கொடிய விலங்கின் பெயரைத் தெரியாத விலங்கின் முகத்துக்கு வைத்துவிட்டார்கள்.

கண்ட விலங்கும் காணாத விலங்கும் ஒரே தெய்வத்தின் அருகே நிற்பதையும் இந்தக் கடற்கரையில் பார்க்கலாம். தமிழரின் கொற்றவைக்கு ஊர்தி கலைமான். சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரி அந்தத் தெய்வத்தைப் பாடும் பகுதி. வடநாட்டுத் துர்க்கைக்கு ஊர்தி சிங்கம். வராக மண்டபத்தின் கொற்றவைப் புடைப்பில் சிங்கமும் உண்டு, மானும் உண்டு. மகிடாசுரமர்த்தினி மண்டபத்துக்கு வந்தால் மான் இல்லை. துர்க்கை சிங்கத்தின்மேல் அமர்ந்து எருமைத்தலை அசுரனோடு போர் புரிகிறாள். கடற்கரைக் கோயிலில் சிங்கம் இன்னும் ஓங்கிவிட்டது. அங்குள்ள ஒற்றைக்கல் சிங்கத்தின் மார்பில் சதுரமாக ஒரு மாடம் குடைந்து அதற்குள் துர்க்கையைச் சிறிதாக வைத்திருக்கிறார்கள். விலங்கே கோயிலாகிவிட்டது. அதன் அருகே தலை இழந்த மான் ஒன்று படுத்திருக்கிறது. பழைய ஊர்தி தரையில், புதிய ஊர்தி தெய்வத்தையே நெஞ்சில் தாங்கி. தமிழகச் சமய வரலாற்றின் பெரிய மாற்றம் ஒன்றை இத்தனை சுருக்கமாகச் சொல்லும் இடம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

அதே கடற்கரைக் கோயில் வளாகத்தில் 1990இல் மணலை அகற்றியபோது சிறு கோயில் ஒன்றும், அதனோடு ஒரு வராகமும் வெளிப்பட்டன. திருமாலின் வராக அவதாரத்தைப் பெரும்பாலும் மனித உடலும் பன்றி முகமுமாகச் செய்வதே வழக்கம். மாமல்லபுரத்து வராக மண்டபத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. இது முழுப் பன்றி. மூக்கைத் தரையை நோக்கி இறக்கி, நிலத்தைக் கிளறப்போகும் காட்டுப்பன்றியின் நிலையில் நிற்கிறது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பிறகும் கரையோர மணல் அரிக்கப்பட்டுச் சிங்கம் செதுக்கிய பாறை வெளியே தெரிந்தது. சாளுவன்குப்பத்தில் அடுத்த ஆண்டே செங்கல்லால் ஆன பழைய முருகன் கோயிலின் அடித்தளம் அகழ்ந்தெடுக்கப்பட்டது. யுனெஸ்கோ 1984இல் உலக மரபுச் சின்னமாக ஏற்ற இந்த ஊரின் மணல் இன்னும் முழுதாகப் பேசி முடிக்கவில்லை.

பல்லவருக்குப் பின் சோழர் காலத்தில் வெண்கலம் மீண்டும் தலையெடுத்தது. ஆனால் காட்டு விலங்கு அதில் பழைய இடத்தைப் பெறவில்லை. சிவன் திருமேனிகளின் மேற்கையில் இரு விரல்களுக்கு நடுவே துள்ளும் மான், தாருகாவனத்து முனிவர்கள் ஏவியதாகச் சொல்லப்படும் மான். அவர்கள் ஏவிய புலி தோலாகி இடையில் கிடக்கிறது. வழுவூரில் வழிபாட்டில் உள்ள யானையுரித்த பெருமானின் திருமேனியில் யானை, காலடியில் தலையாகவும் பின்னால் விரிந்த தோலாகவும் மட்டும் இருக்கிறது. ஆதிச்சநல்லூர்ப் பட்டியலில் இருந்த அதே மூன்று காட்டு விலங்குகள் புலி, மான், யானை. மூன்றும் இப்போது தெய்வத்தின் உடைமையாகிவிட்டன. விரல் நடுவிலுள்ள அந்த மான் மட்டும் பெரும்பாலும் உயிரோடு, தலையைத் திருப்பிச் சிவனைப் பார்த்தபடி இருப்பது வார்ப்புக் கலைஞர் அதற்குச் செய்த நீதி.

இதற்குக் கலைக்கு வெளியேயும் காரணம் உண்டு. திருவிழாவில் தோளில் சுமந்து செல்ல வேண்டிய திருமேனிக்கே செம்பும் உழைப்பும் முதலில் செலவாயின. கல்லை யாரும் உருக்க முடியாது. உலோகத்தை உருக்கிப் பாத்திரமாக்கலாம், காசாக்கலாம், வேறு திருமேனியாக்கலாம். திருவெண்காட்டில் கி.பி. 1011இல் எழுந்தருளச் செய்த விடைவாகனத் திருமேனி இப்போது தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. சிவன் காளையின்மேல் கையூன்றிச் சாய்ந்து நிற்கிறார், காளை இல்லை. வெற்றிடத்தின்மேல் வளைந்த அந்தக் கையைக் கண்டவர்களுக்கு, எத்தனை வெண்கல விலங்குகள் இப்படிக் காணாமல் போயிருக்கும் என்ற எண்ணம் எழாமல் இராது. ஆதிச்சநல்லூர்ப் புலி தப்பியது, இறந்தவரோடு புதைக்கப்பட்டதால்.

புலி வந்து சேர்ந்த எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் உயிருள்ள விலங்குகளுக்கும் பழைய உறவு உண்டு. 1851இல் தொடங்கிய அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர், 1855இல் அதே வளாகத்தில் விலங்குக் காட்சிசாலையையும் அமைத்தார். அது 1863இல் பூங்காநகருக்கு இடம் மாறி, 1985இல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக வண்டலூருக்கு வந்தது. வண்டலூர் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. பல்லவச் சிற்பிகள் காணாத சிங்கத்தை அங்கே எவரும் காணலாம்.

மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. கல், மரம், சுதை, உலோகம் ஆகிய எல்லாம் அங்கே கற்பிக்கப்படுகின்றன. ஊரின் கற்பட்டறைகளில் உளிச்சத்தம் பகலெல்லாம் ஓய்வதில்லை. மாமல்லபுரக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அப்பட்டறைகளில் செய்யும் சிங்கத்துக்குப் பிடரி இன்னும் சுருள் சுருளாகவே வருகிறது, கண் பிதுங்குகிறது, உருவ அளவை வகுக்கும் தாளக் கணக்கு மாறாமல் உடல் நிமிர்கிறது. யானைக்கு மட்டும் சிற்பிகள் அவ்வப்போது அர்ச்சுனன் தபசுப் பாறைவரை நடந்து சென்று பார்த்துவிட்டு வரலாம். கன்று எங்கே நிற்க வேண்டும் என்பது அங்கே இருக்கிறது.